மழைக்குப் பின்னால் கறுப்பு

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஸ்டூடியோவுக்கு
காலை முதல் ஒரு முகமும் வரவில்லை.
வானொலி புயலுக்கு ஏதோ பெயர் சொன்னது,
மறந்துவிட்டேன்.
முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
தங்கை வீட்டுக் கூரையைப் பார்க்க
நீர்கொழும்புக்குப் போய்விட்டார்.
நான் பழைய பிலிம் கமராவை
பாண் சுற்றி வந்த பொலித்தீன் பையில் போட்டு,
லென்ஸுக்கு மட்டும் ஒரு துளை வெட்டி,
றப்பர் வளையம் மாட்டி
ஜம்பட்டா வீதியில் இறங்கினேன்.
முழங்கால் வரை தண்ணீர்.
ஒரு செருப்பு எனக்கு முன்னே போனது,
என்னுடையது அல்ல.

மழையைப் படம் பிடிக்க
எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
பத்து ரோல் வீணாக்கித்தான் கண்டுகொண்டேன்:
பின்னால் வெள்ளை இருந்தால்
படத்தில் மழை பெய்யாது.
வெறும் வானம், காரணமில்லாமல் நனைந்த மனிதர்.
கறுப்பு வேண்டும்.
லொறியின் திறந்த வாய்,
கரண்ட் போன மாடிப்படி,
வெங்காயக் கடையின் உட்புறம்.
அங்கேதான் ஒவ்வொரு தாரையும்
தனக்கென்று ஒரு கோடு பெறும்.

சம்மாங்கோட்டுப் பள்ளியைச்
சிவப்பு வடிகட்டி வழியே பார்த்தேன்.
சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகி
நனைந்த சீனிக்கட்டி போல நின்றது.
கழற்றினேன், கோடுகள் திரும்பி வந்தன.
எடுக்கவில்லை. அதை எல்லோரும் எடுக்கிறார்கள்.

நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு நாட்டாமி.
வண்டியில் எட்டு மூட்டை பருப்பு,
பருப்பு நனையாமலிருக்க அதன்மேல் தறப்பாள்,
தறப்பாள் பறக்காமலிருக்க அதன்மேல்
அவரே குப்புறக் கிடந்தார்.
காற்று அவரையும் கழற்றப் பார்த்தது.
பின்னால் பூட்டாத கடையின் முழு இருட்டு.
அறுபதில் ஒரு நொடி.
கிளிக் சத்தம் எனக்கே கேட்கவில்லை,
அவருக்குக் கேட்டது. தலையைத் தூக்கினார்.

"பேப்பருக்கா?"
"இல்லை."
"டீவிக்கா?"
"இல்லை அண்ணே."
"அப்ப என்னத்துக்கு?"

தண்ணீர் தொடைக்கு ஏறும்வரை நின்றேன்.

அவரே என்னை விட்டுவிட்டார்.
"என் ஐசி போன கெழம கான்ல போயிருச்சு.
இந்தப் படம் அதுக்குச் சரிவருமா?"
பெயர் சன்னாசி.
ஊர் நான் கேட்கவில்லை, புலத்கொஹுபிட்டிய என்றார்.
"பழைய ஐசியில கறுப்பு வெள்ளைதாம்மா.
பதினாறு வயசுல எடுத்தது.
செக்பொயின்ட்ல பார்த்துட்டு
இது ஒம் மகனான்னு கேப்பாங்க."
மூட்டைமேல் கிடந்தபடியே சிரித்தார்.
அதை எடுத்திருக்கலாம்.
லென்ஸில் ஆவி படர்ந்திருந்தது
என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை வந்தார்.
நல்ல வெயில். யாருடையதோ சட்டை, காலருக்குள்
கழுத்து ஆடியது.
நீலத் துணிக்கு முன்னால் உட்கார வைத்தேன்.
காது இரண்டும் தெரியணும், பல் தெரியக்கூடாது,
நேரே பாருங்கோ.
நாளுக்கு நாற்பது தடவை சொல்லும் அதே குரல்.
இரண்டு விளக்கும் சமமாய் விழுந்து
முகத்தில் ஒரு நிழலையும் மிச்சம் வைக்கவில்லை.
அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும் படம்.
கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன்:
யாரோ ஒருவர்.

காசை எண்ணித் தரும்போது கேட்டார்,
"அந்த மழைப் படம்?"
"இன்னும் கழுவவில்லை."
பொய் இல்லை.

இரவு குளியலறையில் கழுவிக்
கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.
நெகடிவ் அல்லவா, எல்லாம் மாறிக் கிடக்கிறது:
கடை வெள்ளை, மழை கறுப்பு,
அவர் முதுகின்மேல் யாரோ
பாய் முடையத் தொடங்கிப்
பாதியில் எழுந்துபோனதுபோல்.
முகம் தறப்பாளில் புதைந்திருக்கிறது.
எந்தக் கந்தோரும் வாங்காது.
ஒரு காதுதான் தெரிகிறது,
நான் அழுத்தியதைக் கேட்ட காது.